முதியோரிடம் கேட்டுப் பழகுவோம்



நம் பங்கில் வயது சென்றவர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று பொதுவாய்ச் சொல்வதற்கில்லை. அநேக வீடுகளில் வேளாவேளைக்குச் சோறு உண்டு. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார்கள். மகன் துபாயிலிருந்தோ சென்னையிலிருந்தோ மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். ஆயினும் மாலை வேளையில் தெரு வழியே நடந்து பாருங்கள். திண்ணையிலோ வாசற்படியிலோ ஒருவர் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் முகங்களையெல்லாம் ஏறிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். "யாரு அது?" என்று கேட்பார். நாமும் பெயரைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறோம். பெயரைத் தெரிந்துகொள்வதற்காகவா அவர் கேட்டார்? இந்த வாரப் பாடம் அவர்களைப் பற்றியது.

2011-ம் வருஷத்துக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய 10 கோடியே 38 லட்சம் பேர். தேசம் முழுவதுக்கும் சேர்த்து நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10.4 பேர். அதற்குப் பின் இந்த விகிதம் ஏறியிருக்கிறதே ஒழிய இறங்கவில்லை. காரணம் தெரிந்ததே. மனிதர் நெடுங்காலம் வாழ்கிறார்கள், பிள்ளைகளோ குறைவு. ஆறு பிள்ளை பெற்ற தாய்க்கு அந்நாளில் எப்படியும் ஒருவர் ஊரோடு இருப்பார். இப்போது இரண்டே பிள்ளைகள், இருவரும் வெளியூர். பிள்ளைகளைக் குற்றஞ்சொல்ல இதை எழுதவில்லை. நகையை அடகு வைத்துப் படிக்கவைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ரயிலேற்றி அனுப்பியவர்கள் அந்தப் பெற்றோரே அல்லவா?

ஆனால் தனியே குடியிருப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு. இதை முதலில் தெளிவாய் அறிந்துகொள்ள வேண்டும்.

மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். காலை எட்டரைக்குள் நால்வரும் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆறரைக்குத் திரும்பியதும் பிள்ளைகளுக்குப் பாடம், பெரியவர்களுக்குக் கைப்பேசி, பிறகு தொலைக்காட்சி. அந்த வீட்டுப் பாட்டியிடம் அன்று பேசப்பட்ட வார்த்தைகளை எண்ணினால், "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கதவைத் தாழ் போட்டுக்கோங்க" என்ற மூன்றுக்குமேல் தேறாது. மூன்றும் அன்பான வார்த்தைகளே. ஆனால் மூன்றுக்கும் "ஆச்சு" என்ற ஒரு பதில் போதும். அதற்குமேல் பேச்சு வளர வழியில்லை. வேறொரு தெருவில் ஓர் ஒற்றை அறையில் குடியிருக்கும் விதவையைப் பாருங்கள். காலையில் பூ கட்டிக் கொடுக்கிறாள். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அவள் மடிக்கு வந்துவிடுகிறது. மாலையில் அன்பியத்துச் செபமாலைக்குப் பாய் விரிப்பவள் அவளே. இவள் ஒருநாள் வராவிட்டால் மூன்று வீட்டார் தேடி வருவார்கள். முதல் வீட்டுப் பாட்டியிடத்தில் யாருக்கும் ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இதை ஏதோ மனசு சம்பந்தப்பட்ட சிறு குறையாக எண்ணிவிடக் கூடாது. பிரிட்டிஷ் அரசாங்கம் 2018-ல் இந்தத் தனிமைத் துன்பத்தைக் கவனிப்பதற்கென்றே ஒரு மந்திரியை நியமித்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் இதற்கென ஓர் ஆணைக்குழுவை ஏற்படுத்தியது. அக்குழு 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையால் வருந்துவதாகவும், வருஷத்துக்குச் சுமார் 8,71,000 மரணங்கள் இதனோடு தொடர்புடையவை என்றும் கணக்கிடுகிறது. இருதய நோயும், பக்கவாதமும், மனச்சோர்வும் தனிமையில் இருப்பவர்களை அதிகமாய்ப் பிடிக்கின்றன. ஞாபக மறதி நோயைப் பற்றி ஆராய்ந்த வைத்திய நிபுணர்கள் 2024-ல் குறிப்பிட்ட பதினான்கு காரணங்களில், மனிதரோடு பழக்கமற்றிருப்பதும் ஒன்று. காது மந்தமும், சிகிச்சை செய்யாத பார்வைக் குறைவும் அதே பட்டியலில் இருக்கின்றன. இவ்விரண்டையும் பற்றிப் பிறகு சொல்வோம்.

வேதாகமத்தில் இக்காரியத்துக்கு நகோமியைப்போல் பொருத்தமான உதாரணம் வேறில்லை. புருஷனையும் இரண்டு குமாரரையும் பறிகொடுத்து, வெறுங்கையாய் பெத்லேம் ஊருக்குத் திரும்பியவள் அவள். தன் பெயரைச் சொல்லி அழைக்கவும் வேண்டாம், கசப்பானவள் என்றே அழையுங்கள் என்று ஊராரிடம் சொன்னவள். மருமகள் ரூத்து வயல்வெளியில் கதிர் பொறுக்கி வாற்கோதுமை கொண்டுவந்து கொடுத்தாள். வயிறு நிறைந்தது. ஆயினும் அவளுடைய வெறுமை எப்போது நீங்கியது? ரூத்து பெற்ற குழந்தையை எடுத்துத் தன் மடியில் வைத்து, அதற்கு வளர்ப்புத் தாயானாளே, அப்போது! அயல்வீட்டுப் பெண்கள் கூடி, நகோமிக்கு ஒரு பிள்ளை பிறந்தது என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். சிலுவையின் அடியில் நின்ற தேவதாய்க்கும் இப்படியே நடந்தது. அருளப்பரிடம் தாயை ஒப்படைக்கும் முன்னே, நம் கர்த்தர் தாயிடம் அருளப்பரை ஒப்படைத்தார். அவர்களைக் கவனிக்க ஓர் ஆளைக் கொடுக்கும் முன்னே, அவர்கள் கவனிப்பதற்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தார்.

ஆகையால் நாம் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. முதியோருக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசிப்பதோடு, அவர்களிடம் எதைக் கேட்கலாம் என்றும் யோசிக்க வேண்டும். "நீங்க ஏன் சிரமப்படுறீங்க, சும்மா உட்காருங்க" என்பது மரியாதையான வார்த்தை. அதையே ஒருநாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறவர் மனசில், "உங்களால் இனி ஆவது ஒன்றுமில்லை" என்றே அது போய் விழும். கல்யாணத்துக்குப் புறப்படும்போது, "அலைச்சல் வேண்டாம், வீட்டிலேயே இருங்க" என்று விட்டுப்போகிறோமே, அதுவும் அப்படித்தான்.

கேட்பதற்குக் காரியங்களா இல்லை? எலுமிச்சை ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு என்று மருமகள் கேட்கலாம். பத்திரத்தில் சொல்லியிருக்கிற கிழக்கு எல்லை எந்தப் புளியமரம் என்று மகன் கேட்கலாம். வரன் பார்க்கிற வீட்டார் நமக்கு என்ன முறை என்பது அவர்களுக்கல்லாமல் யாருக்குத் தெரியும்? இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கவும், புதுநன்மை எடுக்கப்போகிற பிள்ளைக்கு மந்திரங்களை மனப்பாடம் பண்ணிவைக்கவும் அவர்களைவிடப் பொறுமையுள்ள ஆசிரியர் கிடைக்கமாட்டார். பழைய பாஸ்கு நாடகத்துப் பாட்டுகளை ராகத்தோடு அறிந்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பேத்தி கைப்பேசியில் அதைப் பதிந்து வைத்தால், பாடினவருக்கும் மகிழ்ச்சி, ஊருக்கும் ஒரு சொத்து.

கேட்பது பாசாங்காய் இருக்கக் கூடாது. முதியோர் அதை உடனே கண்டுகொள்வார்கள். யோசனை கேட்டால், சில காரியங்களிலாவது அவர்கள் சொன்னபடி நடக்கவும் வேண்டும். அதேபோல், கேட்பது சுமையாகவும் மாறக் கூடாது. பிரசவம் பார்க்கவென்று தாயை அமெரிக்காவுக்கு வரவழைத்து, ஆறு மாதமும் சமையலறையிலேயே நிறுத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வெளியே அழைத்துப் போகாமல் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதை யாரும் தாயைக் கனம்பண்ணுவது என்று சொல்லமாட்டார்கள்.

ஆண்களின் காரியம் தனி. பெண்ணுக்கு எழுபதிலும் அடுப்படியில் ஓர் இடம் இருக்கும். ஆணுக்கோ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே காலைப்பொழுது வெறுமையாகிவிடுகிறது. மனைவியும் போய்விட்டால் கேட்கவேண்டியதில்லை. உறவினர் வீட்டு நல்லது கெட்டதை நினைவில் வைத்து, போகவரச் செய்தவள் அவளே. அவளோடு அந்த நூலும் அறுந்துபோகிறது. அவர் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அப்படிப்பட்டவரைத் துக்கம் விசாரிப்பதைக் காட்டிலும், கல்லறைத் திருநாளுக்கு முன் கல்லறைத் தோட்டத்துக் கணக்கைச் சரிபார்க்கவோ, தேநீர்க்கடைக்குத் துணையாகவோ அழைப்பது மேல். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேலையைச் செய்யும்போதே மனம் திறப்பார்கள்.

மனைவியை அல்லது கணவனை இழந்தவர் வீட்டுக்கு முப்பதாம் நாள் பூசை வரையில் எல்லாரும் வருகிறோம். அதற்குப் பிறகுதான் வீடு அமைதியாகிறது. இறந்தவர் பெயரை எடுத்தால் அழுவார்களே என்று அஞ்சி, பெயரையே விட்டுவிடுகிறோம். அழட்டுமே! நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவரைப் பற்றிப் பேச யாருமில்லை என்பது அழுகையைவிடக் கொடியது. "மாமா இருந்தா இந்த மாங்காயைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் கண்ணீர் வரும். அடுத்தாற்போல் ஒரு கதை வரும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நினைத்தபோது போய் இரண்டு மணி நேரம் இருப்பதைவிட, செவ்வாய்க்கிழமை நாலு மணி என்று குறித்து அரைமணி நேரம் இருப்பது நன்று. திங்கட்கிழமையே அவர்களுக்குச் சந்தோஷம் தொடங்கிவிடும். போகமுடியாவிட்டால் சொல்லிவிட வேண்டும். மூன்றரை மணிக்கே புடவை மாற்றிக்கொண்டு வாசலில் காத்திருப்பவருக்கு, வராதுபோன விருந்தாளி சாதாரண காரியமல்ல.

தூரதேசத்துப் பிள்ளைகளுக்கும் இதுவே. வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவது அந்தக் காலத்து ஆகாயத் தபாலைவிட எவ்வளவோ மேலான வசதி. ஆனால் "பணம் வந்துச்சா, உடம்பு எப்படி" என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிட்டால் அது பேச்சல்ல, விசாரணை. உங்கள் வீட்டு அடுப்பைக் காட்டுங்கள். குழம்பு ஏன் நீர்த்துப்போயிற்று என்று கேளுங்கள். மேலதிகாரியோடு உங்களுக்கு உண்டான மனத்தாங்கலைச் சொல்லுங்கள். பிள்ளையின் கஷ்டத்தைக் கேட்க உரிமை உள்ளவர்களாக அவர்களை வைத்திருங்கள். எல்லாம் சுகமே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், பெற்றோரும் அதையே திருப்பிச் சொல்லப் பழகிக்கொள்வார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. போலீஸ் அதிகாரி என்றும் வங்கியிலிருந்து பேசுகிறோம் என்றும் சொல்லி, "டிஜிட்டல் கைது" என்று பயமுறுத்திப் பணம் பறிக்கிற கூட்டம் முதியோரைக் குறிவைக்கிறது. நாள் முழுதும் யாரும் பேசாத வீட்டில், மணிக்கணக்காய்ப் பேசுகிற குரலுக்கு ஒரு பிடி உண்டாகிவிடுகிறது. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை என்பதை வீட்டில் சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். ஏமாந்தவரைத் திட்டாதிருங்கள். திட்டினால் அடுத்த தடவை மறைத்துவிடுவார்கள்.

இனி, முன்னே சொன்ன காதும் கண்ணும். ஒருவர் கூட்டத்துக்கு வராமல் ஒதுங்குகிறார் என்றால், மனசைத் துருவும் முன் காதைப் பாருங்கள். காது மந்தமானவர் மற்றவர் சிரிக்கும்போது தாமும் சிரித்துவைப்பார். இரண்டு தடவை தப்பாய்ப் பதில் சொல்லி, பேரப்பிள்ளைகள் கேலி செய்ததும், அறைக்குள் போய்விடுவார். நாமோ முதியவர் கர்வப்படுகிறார் என்கிறோம்! வெறும் குறும்பி அடைத்திருக்கிற காதுகளும் எத்தனையோ உண்டு. மருத்துவர் பார்த்து எடுத்துவிட்டால் தீர்ந்தது. காதுக் கருவி வேண்டியிருந்தால் வாங்குவதோடு நிறுத்தாமல், பழகும்வரை சில வாரங்கள் பக்கத்தில் இருந்து உதவ வேண்டும். இல்லையேல் அது மேஜை இழுப்பறைக்குள் போய்விடும். அவர்களோடு பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி எதிரே உட்கார்ந்து, கத்தாமல் நிதானமாய்ப் பேச வேண்டும். கத்தினால் ஓசை உடைந்து வார்த்தை விளங்காது. அன்பாய்ச் சொன்னதும் கோபம்போல் ஒலிக்கும்.

கண்புரை, பல்லில்லாமை, முழங்கால் வலி இவை யாவும் மனிதரை வீட்டுக்குள் பூட்டும் பூட்டுகளே. வெளியே சொல்ல வெட்கப்படும் இன்னொன்றும் உண்டு. சிறுநீரை அடக்கமுடியாதவர்கள், போகிற இடத்தில் கழிப்பிடம் இருக்குமோ இருக்காதோ என்று பயந்தே பூசைக்கும் வருவதில்லை. கோவில் வளாகத்தில் சுத்தமான கழிப்பிடம் ஒன்றைப் பூட்டாமல் வைத்திருப்பதும், படிக்கட்டில் ஒரு கைப்பிடிக் கம்பி போடுவதும் சில பிரசங்கங்களைவிட அதிகமான பேரைக் கோவிலுக்குக் கொண்டுவரும்.

வசதி என்று செய்வதிலும் யோசனை வேண்டும். தமிழ்நாட்டில் 2025 ஆகஸ்டில், எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு ரேஷன் பொருள்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. நடக்கமுடியாதவர்களுக்கு இது பெரும் உபகாரம். ஆனால் நடக்கக்கூடிய பாட்டிக்கு ரேஷன் கடை வரிசை என்பது அரிசி வாங்குமிடம் மாத்திரமா? ஊர்ச் செய்தி முழுவதும் அங்கேதானே கிடைக்கும்! அந்த நடையை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டால், அதற்கு ஈடாக வேறொரு நடையை வீட்டார் ஏற்படுத்தித் தர வேண்டும்.

நம் திருச்சபையில் இந்த ஊழியம் புதிதல்ல. 1833-ல் பாரிஸ் நகரத்தில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் முதல் வேலையே வீடு தேடிப் போவது. 1921-ல் டப்ளின் நகரில் தோன்றிய மரியாயின் சேனை முதன்முதல் செய்ததும் ஆஸ்பத்திரியில் கிடந்த பெண்களைச் சந்தித்ததுதான். முதியோருக்கென்றே தம்மைக் கொடுத்தவர்களுள் ஜீன் ஜுகான் அம்மாளை எல்லாரும் அறிய வேண்டும். 1839-ம் வருஷக் குளிர்காலத்தில், பிரான்சு தேசத்து சேன்-செர்வான் ஊரில், கண் தெரியாத ஓர் ஏழை மூதாட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பரண் அறையில் படுத்துக்கொண்டவள். வீட்டில் சேர்த்த மூதாட்டிகள் பிச்சைக்குப் போகவேண்டாமென்று, கூடையைத் தானே தூக்கிக்கொண்டு வீடுவீடாய்ப் போனவள். அதிலிருந்தே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை உண்டாயிற்று; சென்னையிலும் அவர்களுடைய முதியோர் இல்லம் ஒன்று உண்டு. ஆனால் சபையை உண்டாக்கியவளையே தலைமையிலிருந்து விலக்கி, 1852 முதல் 1879-ல் மரிக்கும்வரை 27 வருஷம் மூலையில் வைத்துவிட்டார்கள். கூட இருந்த இளங்கன்னியர்க்கே அவள்தான் சபையைத் தொடங்கியவள் என்பது தெரியாதாம். முதியோரின் தாய்க்கும் ஒதுக்கப்பட்ட முதுமையே வாய்த்தது. 2009-ல் அவள் அர்ச்சியசிஷ்டவளாகப் பிரசித்தம் செய்யப்பட்டாள்.

காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர் 2021-ல், ஜூலை மாதத்து நாலாம் ஞாயிறைத் தாத்தா பாட்டிமாருக்கும் முதியோருக்கும் உரிய நாளாக ஏற்படுத்தினார். அர்ச். சுவக்கீன், அன்னம்மாள் திருநாளை ஒட்டி வரும் நாள் அது. அன்றைக்குப் பொன்னாடை போர்த்திப் படம் பிடிப்பதோடு நின்றுவிடாமல், மீதி ஐம்பத்தொரு ஞாயிறுகளையும் நினைக்க வேண்டும். முதல் வெள்ளியில் நற்கருணை கொண்டுபோகிற வீடுகளுக்குக் கூடவே ஒரு குடும்பமும் போய்ச் சற்று உட்கார்ந்துவரலாம். ஞாயிறு பூசைக்கு ஆட்டோ பிடிக்கிற வீட்டார் ஓர் இடத்தைத் தெருக்கோடிப் பாட்டிக்கு வைக்கலாம். பூசை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை முடுக்காமல், கெபியடியில் கால்மணி நேரம் நிற்கலாம்.

பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். யாராவது அழைத்தால் முதல் வார்த்தையாக "வேண்டாம்" என்று சொல்லாதிருங்கள். இரண்டு தடவை மறுத்த வீட்டை மூன்றாம் தடவை அழைக்க மனிதர் தயங்குவார்கள். வந்தவரிடம் மருமகளைக் குறைசொல்லியே நேரத்தைப் போக்காதிருங்கள். உங்களைவிடத் தனிமையாய் இருப்பவர் அடுத்த தெருவில் இருக்கிறார். நடக்க முடிகிறவர்கள் அவரிடம் போகலாமே. சாப்பாட்டில் வெறுப்பு, தூக்கமின்மை, இனி ஏன் இருக்கவேண்டும் என்ற எண்ணம் இவை சில வாரங்களாய் விடாமல் இருந்தால், அது முதுமையின் குணமல்ல. மருந்தால் குணமாகக்கூடிய நோய். மருத்துவரிடம் போகவேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும், முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும் அரசாங்கம் நடத்துகிற இலவச எண்கள். வீட்டார் இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

இந்த வாரம் குடும்பச் செபம் முடிந்தபின், நம் அன்பியத்தில் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்ட முதியோர் யார் யார் என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எப்போதிலிருந்து வரவில்லை, காது கேட்கிறதா, படி ஏற முடிகிறதா, யாரோடு பேச்சு, எந்த வேலையில் கைதேர்ந்தவர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டை அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் உபதேசியாரிடம் கொடுக்கலாம். அவர் சங்கீர்த்தி அறை வாசலில் இருப்பார்.